மறைத்துக் காத்த மாணிக்கங்கள்

பத்தாம் வகுப்பு மாணவி

அருங்காட்சியகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? அரசர்களின் வாளும் கேடயமும், பொற்காசுகளும், ஐம்பொன் சிலைகளும், 'தொடாதீர்கள்' என்று எழுதிய பலகையும்தான். பெரிய நகரத்தில் பெரிய கட்டடம். அதற்குள்ளே பெரிய மனிதர்கள் விட்டுச் சென்ற பெரிய பொருட்கள்! ஆனால், மீனவர் குடிசையில் இருந்த ஒரு சிப்பி ஓடும், துப்பாக்கிக் குண்டை உருக்கிச் செய்த ஒரு சின்னஞ்சிறு சிலுவையும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியர் மனத்திலேயே வைத்திருந்த ஜெபமும் அரும்பொருட்களாக மதிக்கப்படும் இடம் ஒன்று உலகில் உண்டு. அதைக் காண வேண்டுமானால் ஜப்பான் நாட்டின் மேற்கு ஓரத்திலுள்ள கிராமங்களுக்குச் செல்ல வேண்டும்.

ஜப்பான் என்றதும் மின்னல் வேக ரயிலையும் டோக்கியோ நகரையும் நினைக்கிறோம். அந்த ஆரவாரம் எதுவும் இல்லாத நாட்டுப்புறம் இது. ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் தென்மேற்கில் உள்ளது கியூஷு. அதன் மேற்குக் கரையில் நாகசாகி மாகாணமும், அதற்குத் தெற்கே குமாமோட்டோ மாகாணத்தைச் சேர்ந்த அமாகுசாத் தீவுகளும் உள்ளன. மலை நேராகக் கடலில் இறங்கும். மலைச்சரிவில் படிப்படியாக நெல்வயல்கள். வளைந்த குடாக்களில் மீன்பிடி படகுகள். எண்ணற்ற தீவுகள். இந்தப் பகுதியில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் நினைவாக உள்ள 12 இடங்களை 2018-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் 11 நாகசாகியிலும் ஒன்று அமாகுசாவிலும் உள்ளன. தோழியரே, அவற்றுள் சிலவற்றையும், அருகிலுள்ள அருங்காட்சியகங்களையும் வரலாற்று வரிசையில் ஒரு சுற்றுப் பார்த்து வருவோமா?

முத்துக்குளித்துறையிலிருந்து ஹிராடோவுக்கு

இந்தக் கதையின் தொடக்கம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர் சிறுமியரைக் கூட்டி, தமிழில் அமைக்கப்பட்ட ஜெபங்களை அவர்கள் மனப்பாடம் செய்யும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, கியூஷுவின் தென்கோடியில் உள்ள ககோஷிமாவில் அவர் கரையிறங்கினார். 1550-இல் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஹிராடோத் தீவுக்கு வந்து போதித்தார். மணப்பாட்டு மணலில் நடந்த அதே பாதங்கள்தாம் ஹிராடோவின் பாறைகளிலும் நடந்தன.

ஹிராடோ நகரில் இன்று ஒரு காட்சி பலரையும் நின்று பார்க்க வைக்கிறது. பௌத்த மடங்களின் கூரைகளுக்கு மேலே, சவேரியார் பெயரைத் தாங்கிய ஆலயத்தின் கோபுரம் தலை நீட்டுகிறது. இரண்டும் ஒரே சாய்வான பாதையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் இந்த அமைதி எளிதில் கிடைத்ததன்று.

அச்சு இயந்திரமும் ஈயச் சிலுவையும்

தொடக்கத்தில் புதிய மறை வேகமாகப் பரவியது. 1582-இல் நான்கு ஜப்பானியச் சிறுவர்கள் கப்பலேறி, கோவா வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, 1585-இல் பாப்பரசர் 13-ஆம் கிரகோரியாரைச் சந்தித்தார்கள். புறப்பட்டபோது அவர்களுக்கு ஏறக்குறைய நம் வயதுதான். 1590-இல் அவர்கள் திரும்பிய கப்பலில் ஓர் அச்சு இயந்திரமும் வந்தது. அமாகுசாவில் அந்த இயந்திரத்தில் 1593-இல் ஈசாப்பின் நீதிக் கதைகள் ஜப்பானிய மொழியில் அச்சாயின. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1578-இல், அன்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழில் அச்சேறியது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அமாகுசாவின் காவாவுரா என்ற சிற்றூரில் உள்ள கொலேஜியோ அருங்காட்சியகத்தில் அந்த இயந்திரத்தைப் போலவே செய்த மாதிரி ஒன்றைக் காணலாம்.

பின்னர் காற்று திசை மாறியது. அன்னிய நாடுகள் ஜப்பானைக் கைப்பற்றிவிடுமோ என்று அஞ்சிய ஆட்சியாளர்கள் குருக்களை வெளியேற ஆணையிட்டார்கள். 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியின் நிஷிசாகாக் குன்றில் 26 பேர் சிலுவைகளில் அறையப்பட்டு உயிர் நீத்தார்கள். அவர்களுள் ஒருவர் மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. 1614-இல் கிறிஸ்தவ மறை நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

1637-இல் ஷிமாபாராவிலும் அமாகுசாவிலும் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மறைத் தடை மட்டுமன்று, விளைச்சல் பொய்த்த காலத்திலும் தளராத வரிக் கொடுமையும் அதற்குக் காரணம். தலைமை தாங்கிய அமாகுசா ஷிரோவுக்கு வயது ஏறக்குறைய பதினாறு! பாழடைந்து கிடந்த ஹாரா கோட்டைக்குள் பெண்களும் குழந்தைகளுமாகப் புகுந்த மக்கள், 1638-இல் கோட்டை வீழ்ந்தபோது கொல்லப்பட்டனர். அவர்கள் தொகை சுமார் 37,000 என்று வரலாறு கூறுகிறது.

ஹாரா கோட்டைக்குச் சென்றால் அங்கே கோட்டை இல்லை. புல் முளைத்த மேடும், சிதைந்த கற்சுவர்களும், கீழே நீலக் கடலுந்தான். பார்க்க ஒன்றுமில்லையே என்று தோன்றும். அருகிலுள்ள அரிமா கிறிஸ்தவப் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்குள் சென்ற பிறகுதான் அந்த மேடு பேசத் தொடங்கும். அகழ்ந்தபோது மண்ணுக்குள்ளிருந்து எலும்புகளோடு ஈயத்தால் ஆன சிறு சிலுவைகள் கிடைத்தன. துப்பாக்கிக் குண்டுகளுக்கான ஈயத்தை உருக்கி அவற்றைச் செய்திருக்கிறார்கள். உயிரைப் பறிக்கும் பொருளை உயிரினும் மேலான பொருளாக மாற்றிய கைகள் யாருடையவையோ, பெயர் தெரியாது.

ஆகவே பாரம்பரியத் தலத்தையும் அருங்காட்சியகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். ஒன்று இடத்தைக் காட்டும். மற்றொன்று அந்த இடத்தின் மனத்தைக் காட்டும்.

சிப்பிக்குள் ஒரு தாய்

1644-க்குப் பிறகு ஜப்பானில் ஒரு குருவானவர்கூட இல்லை. ஆலயம் இல்லை, திருப்பலி இல்லை, வேதப் புத்தகம் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு பௌத்த மடத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கியூஷுவில் ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி ஊரார் அனைவரும் கூட்டப்பட்டு, இயேசுவின் அல்லது தேவமாதாவின் உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதிக்க வேண்டும். இதற்கு 'எபுமி' என்று பெயர். மிதிக்க மறுத்தவர் கிறிஸ்தவர் என்று பிடிபடுவார்.

அமாகுசாவில் உள்ள சாகிட்சு என்ற மீனவக் கிராமத்தில் இந்தக் கொடுமை ஊர்த்தலைவர் வீட்டில் நடந்து வந்தது. அந்த மனை இருந்த இடத்தில்தான் 1934-இல் இப்போதைய ஆலயம் எழுப்பப்பட்டது. மக்கள் மிதித்த இடத்திலேயே பீடம் அமைந்திருக்கிறது! உள்ளே பெஞ்சுகளுக்குக் கீழே கோரையால் முடைந்த 'ததாமி' பாய்கள் விரிந்திருக்கின்றன. நம் பத்தமடைப் பாயை நினைவூட்டும் அந்தப் பாயின்மேல் காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

சாகிட்சு மக்கள் எவற்றை வைத்து வழிபட்டார்கள் தெரியுமா? அபலோன் என்னும் கடற்சிப்பியின் ஓட்டின் உட்புறம் முத்துப்போல் பளபளக்கும். அந்தப் பளபளப்பில் தெரியும் வரிவடிவத்தைத் தேவமாதாவாகக் கண்டு வணங்கினார்கள். வீட்டைச் சோதிக்க வரும் அதிகாரிக்கு அது வெறும் சிப்பி. வீட்டாருக்கு அது தாய். ஊர்க் கோயிலான ஷிண்டோ ஆலயத்துக்கு எல்லாரையும் போலவே போவார்கள். அங்கே தலை குனிந்து 'ஆமென் தேவுஸ்' என்பதைத் தங்கள் நாவில் திரிந்த வடிவத்தில் முணுமுணுப்பார்கள்.

1805-இல் இந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலுமாக 5,000-க்கும் மேற்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள் என்று கண்டுபிடிக்கப்பட்டனர். இத்தனை பேரையும் தண்டித்தால் ஊரே அழிந்துவிடும்! அதிகாரிகள் அவர்களை ஏதோ தவறான வழக்கத்தைப் பின்பற்றிய அறியா மக்கள் என்று எழுதிவைத்து, உறுதிமொழி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இவ்வரலாற்றை, பழைய தங்கும் விடுதியொன்றில் அமைந்த மினாதோயா என்ற சிறு அருங்காட்சியகம் விளக்குகிறது. கடைத்தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைவது போலத்தான் அதற்குள் நுழைய வேண்டும்.

ஏட்டில் எழுதாத ஜெபம்

ஹிராடோவுக்கு அப்பால், இப்போது பாலத்தால் இணைக்கப்பட்ட இகிட்சுகி என்ற தீவு உள்ளது. அங்குள்ள 'ஷிமா நோ யாகதா' என்ற அருங்காட்சியகத்துக்குத் தீவு இல்லம் என்று பொருள் சொல்லலாம். அதில் ஒரு பகுதி, முற்காலத்தில் அத்தீவு மக்கள் திமிங்கிலம் பிடித்த தொழிலைப் பற்றியது. மற்றொரு பகுதி மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களைப் பற்றியது. கடல் தொழிலும் கடவுள் பக்தியும் ஒரே கூரையின் கீழ் இருப்பது மிகவும் பொருத்தம். அந்த மக்களின் வாழ்விலும் அவை இரண்டும் பிரிந்திருக்கவில்லையே!

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல்லும் பாத்திரமும் வைக்கும் இருட்டறையை 'அரங்கு' என்று சொல்வோமல்லவா? அதைப் போன்ற உள்ளறைக்கு ஜப்பானில் 'நாந்தோ' என்று பெயர். இகிட்சுகி மக்கள் தங்கள் திருப்படங்களை அந்த அறையில் ஒளித்துவைத்தார்கள். அதனால் அவற்றுக்கு 'நாந்தோ தெய்வங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. படம் பழசாகி நைந்தால் உள்ளூர்க்காரரே அதைப் பார்த்துப் புதிதாக வரைவார். இப்படி ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்து வந்ததில், தேவமாதா கிமோனோ உடுத்து, ஜப்பானியக் கொண்டை முடிந்து, குழந்தையைக் கையில் ஏந்திய கிராமத்துத் தாயாகவே ஆகிவிட்டாள்.

வேறு சில இடங்களில், பௌத்தர்கள் வணங்கும் கருணையின் வடிவமான கன்னோன் சிலை தேவமாதாவுக்காக நின்றது. கன்னோன் என்பது நாம் அவலோகிதர் என்று அறிந்த போதிசத்துவரே. வெண்பீங்கானில் செய்த, குழந்தை ஏந்திய கன்னோன் சிலையைப் பார்ப்பவருக்கு ஐயம் எழாது. இவற்றை இன்று 'மரியா கன்னோன்' என்கிறார்கள்.

எல்லாவற்றிலும் வியப்பானது 'ஒராஷோ'. ஜெபம் என்று பொருள்படும் 'ஒராசியோ' என்ற லத்தீன் சொல்லே இவ்வாறு மருவியது. இகிட்சுகி மக்கள் நீண்ட ஜெபங்களை வாய்மொழியாகவே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவற்றுள் சில பாடல்களின் சொற்கள் பாடியவர்களுக்கே விளங்காதவை. 'குருரியோசா' என்று ஒரு பாடல். இசை ஆராய்ச்சியாளர் ஒருவர் அதன் மூலத்தைத் தேடிச் சென்றபோது, அது 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வழங்கிய 'ஓ குளோரியோசா' என்ற மாதா பாடல் என்று தெரிந்தது. பொருள் தெரியாமலே, ஒலி சிதையாமல், நானூறு ஆண்டுகள்! இரண்டு பக்கம் மனப்பாடப் பகுதி என்றாலே முகம் சுளிக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சவேரியார் கடற்கரைச் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறையே மனப்பாடந்தானே! புத்தகத்தை எரிக்கலாம், மனப்பாடத்தை எரிக்க முடியாது.

ஹிராடோத் தீவிலுள்ள காசுகா என்ற கிராமத்தில் ஆலயமே இல்லை. அங்கிருந்த மக்கள் யாசுமான் மலையையும், வேதசாட்சிகள் கொல்லப்பட்ட நகாயெனோஷிமா என்ற சிறு பாறைத் தீவையும் புனிதமாகக் கருதினார்கள். அந்தப் பாறை இடுக்கில் கசியும் நீரே ஞானஸ்நானத் தண்ணீர். காசுகாவுக்குச் செல்பவர் காண்பது படிப்படியான நெல்வயல்களை மட்டுமே. ஆனால் 'கதாரினா' என்ற வழிகாட்டி நிலையத்தில் ஊர்ப் பெரியவர்கள் தேநீர் கொடுத்து, ஊறுகாய் வைத்து, தங்கள் முன்னோர் கதையைச் சொல்கிறார்கள். அந்தப் பெரியவர்கள்தாம் அந்த ஊரின் அருங்காட்சியகம்.

நாட்காட்டியைக் காத்த கிராமம்

நாகசாகி நகரிலிருந்து கடலோரமாகப் பேருந்தில் வடக்கே சென்றால் சோட்டோமே வரும். கல்லும் சரிவுமான வறண்ட நிலம். பஸ்தியான் என்ற உபதேசியார் விட்டுச் சென்றதாகக் கூறப்படும் 1634-ஆம் ஆண்டின் திருநாள் நாட்காட்டியை இந்த ஊர் மக்கள் கையால் படியெடுத்து வந்தார்கள். குருக்கள் இல்லாத நிலையில் எவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தார்கள் பாருங்கள்! நாட்காட்டியைக் கணித்துத் திருநாட்களைச் சொல்ல ஒருவர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர். அச்செய்திகளை வீடு வீடாகக் கொண்டு செல்ல ஒருவர். 'ஏழு தலைமுறை பொறுத்திருங்கள். குருக்கள் கருங்கப்பலில் வருவார்கள்' என்ற கருத்துடைய பஸ்தியானின் வாக்கு ஒன்றையும் நம்பிக் காத்திருந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். அவர்கள் ஆண்டுதோறும் திருவுருவத்தை மிதித்தார்களே, அது பாவமல்லவா? அந்த மக்களே இக்கேள்வியை நம்மைவிட ஆழமாகக் கேட்டிருக்கிறார்கள். அதற்குச் சாட்சியாக ஒரு சிறு நூல் இருக்கிறது. 'கொன்சிரிசான்' என்பது மனத்துயரைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் ஜப்பானிய வடிவம். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாதபோது முழுமையான மனத்துயர் கொள்வது எப்படி என்று விளக்கும் 1603-ஆம் ஆண்டு நூலை அவர்கள் இரகசியமாகப் படியெடுத்துக் காத்தார்கள். மிதித்த கால்களோடு வீட்டுக்கு வந்து, மனம் நொந்து அந்த ஜெபத்தைச் சொன்னார்கள். வேதசாட்சிகளின் வீரத்தைப் பாடும் நாம், அழுதுகொண்டே வாழ்ந்து தங்கள் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கொடுத்த இந்தத் தாய்மாரையும் மறக்கலாகாது. அவர்கள் எல்லாரும் இறந்திருந்தால் 1865-இல் கதவைத் தட்ட யார் இருந்திருப்பார்கள்?

ஆம், அந்த ஆண்டு மார்ச் 17-ஆம் நாள், நாகசாகியில் அன்னியருக்காகப் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஓவுரா ஆலயத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிலர் வந்தார்கள். ஒரு பெண்மணி பிரெஞ்சுக் குருவான பெத்தித்ஜான் அடிகளாரிடம் மெல்ல நெருங்கித் தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று சொல்லி, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலான மௌனம் அந்த ஒரு கேள்வியில் உடைந்தது. அவளுக்கு அடிகளார் காட்டிய சுரூபம் இன்றும் அந்த ஆலயத்தில் உள்ளது.

சோட்டோமேயின் ஷிட்சு கிராமத்தில் மற்றொரு அருமையான அருங்காட்சியகம் உண்டு. பிரெஞ்சு நாட்டுப் பிரபு குடும்பத்தில் பிறந்த தெ ரோ அடிகளார் 1879-இல் இங்கு வந்தார். 1882-இல் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டு ஆலயம் கட்டினார். பசித்த வயிற்றோடு ஜெபிப்பவர்களைக் கண்டு மனம் பொறாமல், 1883-இல் பெண்களுக்காகத் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினார். நெசவு, ரொட்டி சுடுதல், சேமியா போன்ற மாவுப் பண்டங்கள் செய்தல் எல்லாம் அங்கே கற்றுத் தரப்பட்டன. கடலில் கணவரை இழந்த பெண்கள் தங்கள் காலில் நிற்க அது உதவியது. 1885-இல் மீன்வலை பின்னுவதற்காக அவர் கட்டிய கூடமே இப்போது அவர் பெயரிலுள்ள நினைவு அருங்காட்சியகம். அவர் கருவிகளும் மருந்துகளும் துணிகளும் அங்கே உள்ளன. 1914-இல் இறக்கும்வரை அவர் தாய்நாடு திரும்பவேயில்லை. ஷிட்சு மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அருகில் ஒரு மேட்டில், 'மௌனம்' என்ற நாவலை 1966-இல் வெளியிட்ட எண்டோ ஷுசாக்குவின் இலக்கிய அருங்காட்சியகம் கடலைப் பார்த்து நிற்கிறது. மறைந்து வாழ்ந்தவர்களின் மனப்போராட்டத்தை உலகம் அறியச் செய்த நாவல் அது.

தீவுகளில் எழுந்த ஆலயங்கள்

1797 முதல் சோட்டோமே மக்கள் பலர் படகேறி கோட்டோத் தீவுகளுக்குக் குடிபெயர்ந்தனர். நல்ல நிலங்களில் ஏற்கனவே ஆட்கள் இருந்ததால், இவர்களுக்குக் கிடைத்தவை பாறையும் சரிவுமே. அங்கும் துன்பம் தொடர்ந்தது. 1868-இல் ஹிசாக்காத் தீவில் சுமார் 200 பேரை ஏறக்குறைய 20 சதுர மீட்டர் அளவுள்ள ஒரு வீட்டில் எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். நம் வகுப்பறையில் பாதிகூட இல்லாத இடம்! உட்காரவும் வழியில்லாமல் 42 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் உண்டு. அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவு ஆலயம் நிற்கிறது. 1873-இல்தான் தடை ஆணைப் பலகைகள் அகற்றப்பட்டன.

விடுதலை கிடைத்தவுடன் அந்த ஏழைகள் செய்த முதல் வேலை ஆலயம் கட்டியதுதான். நாருத் தீவின் எகாமியில், நெத்திலி போன்ற சிறு மீனைப் பிடித்து விற்ற பணத்தில் 1918-இல் ஒரு மர ஆலயம் எழுந்தது. வண்ணக் கண்ணாடி வாங்க வசதியின்றி, சாதாரணக் கண்ணாடியில் கையால் பூக்கள் வரைந்தார்கள். காஷிராகாஷிமாவில் மக்கள் தாங்களே கல் உடைத்துச் சுமந்து, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உழைத்து, 1919-இல் கல்லாலான ஆலயத்தை முடித்தார்கள். இவற்றையும் சாகிட்சு ஆலயத்தையும் கட்டிய தெட்சுகாவா யோசுகே என்ற தச்சர், வாழ்நாள் முழுவதும் பௌத்தராகவே இருந்தவர் என்பதை அறியும்போது உள்ளம் நெகிழ்கிறது.

நோசாக்கித் தீவின் நோகுபி ஆலயத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. அங்கு வாழ்ந்தவை 17 குடும்பங்கள் மட்டுமே. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் 1908-இல் செங்கல் ஆலயம் ஒன்றைக் கட்டினார்கள். ஆனால் பிழைப்புத் தேடி ஒவ்வொரு குடும்பமாக வெளியேறியது. 1971-இல் கடைசிக் குடும்பங்களும் போய்விட்டன. இன்று அந்தத் தீவில் மான்கள் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. மேட்டின்மேல் செங்கல் ஆலயம் கடலைப் பார்த்துத் தனித்து நிற்கிறது. அதைப் பக்கத்துத் தீவான ஒஜிக்காவின் நகராட்சி பழுது பார்த்துப் பாதுகாத்து வருகிறது. பழைய பள்ளிக் கட்டடம் பயணிகள் தங்குமிடமாகிவிட்டது. மணியடித்தால் ஓடி வரப் பிள்ளைகள் இல்லாத பள்ளி! வாளாலும் நெருப்பாலும் கலைக்க முடியாத கிராமத்தை, வேலையின்மை ஓசையில்லாமல் கலைத்துவிட்டது.

காண்போர் கடமை

இந்தத் தலங்களுக்குச் செல்பவர்கள் சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். இவ்வாலயங்களுள் பல இன்றும் திருப்பலி நடைபெறும் வழிபாட்டு இடங்கள். ஆகவே முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் செல்ல வேண்டும். காலணியையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. தீவுகளுக்குப் படகுகள் குறைவு. காற்று பலமாக அடித்தால் அவையும் நின்றுவிடும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற பயணமன்று இது. ஒரு நாளில் பத்து இடம் பார்ப்பதைவிட, ஓர் ஊரில் அமர்ந்து ஒரு பெரியவரின் கதையைக் கேட்பது மேல்.

சோட்டோமேயின் காட்டுக்குள் கரேமாட்சு என்ற சிறு கோயில் உண்டு. பஸ்தியானின் குருவான சான் ஜிவான் என்பவரின் நினைவிடம் அது. அங்கே கத்தோலிக்கரும், முன்னோரின் மறைவு வழியையே விடாமல் பின்பற்றுவோரும், பௌத்தரும் சேர்ந்து வழிபடும் விழா நடந்து வந்திருக்கிறது. ஒரு காலத்தில் பகைமை நிலவிய நாட்டில் இப்படியும் ஒரு காட்சி!

பொருளும் பொருளும்

இப்போது நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பழங்காலத்தில் இந்த மக்கள் தங்கள் செல்வங்களை மறைத்துக் காத்தார்கள். இக்காலத்தில் அருங்காட்சியகங்கள் அவற்றைக் காட்டிக் காக்கின்றன. இரண்டும் காத்தல்தான். ஆனால் இகிட்சுகியில் ஒரு மாற்றம் நடந்து வருகிறது. இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றுவிட, ஜெபக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைகின்றன. அரங்கில் இருந்த திருப்படங்கள் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப்படுகின்றன. ஒராஷோவும் ஒலிப்பதிவு செய்யப்பட்டிருக்கிறது. கண்ணாடிப் பேழை நிறைகிறது. வீட்டின் உள்ளறை வெறுமையாகிறது. அருங்காட்சியகத்தைக் குறை கூறுவதற்கில்லை. அது இல்லையேல் எல்லாமே மண்ணாகியிருக்கும். ஆயினும், பேழையைப் பார்த்து மகிழும்போது, அது எந்த வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றும் நாம் கேட்க வேண்டும்.

தமிழில் 'பொருள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் எடுக்கும் பண்டமும் பொருள்தான். மனத்தில் கொள்ளும் கருத்தும் பொருள்தான். முதலாவதைக் கண்ணாடியும் பூட்டும் காக்கும். இரண்டாவதைக் காக்க ஒரு பாட்டியும், அவள் அருகில் அமர்ந்து கேட்க ஒரு பேத்தியும் வேண்டும். சாகிட்சுவின் சிப்பியில் தாயைக் காட்டியது சிப்பியன்று. 'இதோ பார்' என்று குழந்தையின் காதில் மெதுவாகச் சொன்ன ஒரு குரல்தான்.